கல்லூரி மருத்துவமனையில் ‘ஆய்வில் சேர்கிறீர்களா?’ என்று கேட்டால்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய்க்காக என் சித்தியை ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவர் ஓ.பி. சீட்டில் மாத்திரைகளை எழுதிக் கொடுத்த பிறகு, பக்கத்து மேசையில் இருந்த இளம்பெண் எழுந்து வந்து, “அம்மா, ஒரு மாத்திரைக்குப் பரிசோதனை நடக்குது, கலந்துக்கிறீங்களா?” என்று கேட்டார். “அதுக்கென்னம்மா, எடுத்துக்கோ” என்று சித்தி கையை நீட்டிவிட்டார். ரத்தம் எடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ரத்தமும் சிறுநீரும் பார்ப்பதையும் பரிசோதனை என்கிறோம். ஒரு மருந்து பலன் தருகிறதா என்று பல நூறு நோயாளிகளிடம் கொடுத்துப் பார்ப்பதையும் பரிசோதனை என்கிறோம். முதலாவது உங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நடப்பது. இரண்டாவது அந்த மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நடப்பது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது என்பதால் அதைச் ‘சிகிச்சை ஆய்வு’ என்றே எழுதுகிறேன். மருத்துவமனையில் டிரையல், ஸ்டடி, கிளினிக்கல் டிரையல் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விஷயம் ஒன்றுதான். மருந்து நிறுவனங்கள் நடத்தும் ஆய்வுகளை விட்டுவிட்டு, மருத்துவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தாமே நடத்தும் ஆய்வுகளில் சேர அழைப்பு வந்தால் ஒரு நோயாளியோ அவர் வீட்டாரோ என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, இந்தியாவில் உள்ள விதிகளை ஒட்டி, வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆய்வின் கேள்வி என்ன என்று கேளுங்கள்

புது மருந்து ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பும் நிறுவனம், அனுமதி வாங்குவதற்காக மனிதர்களிடம் ஆய்வு நடத்தி முடிவைக் காட்டியாக வேண்டும். செய்திகளில் அடிபடுபவை பெரும்பாலும் இந்த வகை ஆய்வுகளே. கல்லூரிகள் நடத்தும் ஆய்வு வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. கடையில் ஏற்கெனவே கிடைக்கும் மாத்திரையைப் பாதி அளவில் கொடுத்தால் போதாதா, ஆறு மாதம் கொடுக்கும் மருந்தை நான்கு மாதத்தில் நிறுத்தலாமா, ஒரு நோய்க்குத் தரும் மருந்து இன்னொரு நோய்க்கும் கேட்குமா, இரண்டு அறுவைச் சிகிச்சை முறைகளில் எது மேல் என்பவை போன்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால் யாருடைய விற்பனையும் கூடிவிடப் போவதில்லை. சில நேரம் குறையவும் செய்யும். அதனால் இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் அன்றாடம் நோயாளிகளைப் பார்க்கும் பேராசிரியர்களாகவே இருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய அரசு வெளியிட்ட புதிய மருந்துகள் மற்றும் சிகிச்சை ஆய்வு விதிகள் இதைத் தனி வகையாகவே பிரித்திருக்கின்றன. ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு மருந்தை, புதிய நோய்க்கோ புதிய அளவிலோ புதிய வழியிலோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வை ஓர் ஆய்வாளரோ கல்வி நிறுவனமோ தொடங்கி, அதன் முடிவைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே பயன்படுத்துவதென்றால், ஆய்வு முறையானதா என்று அலசிப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு அதை நடத்தலாம். அந்த முடிவைக் காட்டி விற்பனை அனுமதி கேட்கவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது.

இத்தகைய ஆய்வு எவ்வளவு பெரிய கேள்விக்கு விடை சொல்லக்கூடும் என்பதற்கு மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை நடத்திய ஓர் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, கழுத்தில் கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், வாயில் உள்ள கட்டியை எடுக்கும்போதே நோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகளான கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடுவதா, அல்லது பின்னால் கழுத்தில் நோய் தெரிந்தால் அப்போது எடுத்துக்கொள்வதா என்பதில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களிடையே பல்லாண்டுகளாகக் கருத்து வேறுபாடு இருந்தது. முன்கூட்டியே எடுத்தால் தேவையில்லாமல் ஒரு பெரிய அறுவையும் தோள் வலியும் மிஞ்சலாம். காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளலாம். 2004இல் தொடங்கிய அந்த ஆய்வில் 596 பேர் சேர்க்கப்பட்டார்கள். முதல் 500 பேரின் நிலையை ஆராய்ந்தபோது, முன்கூட்டியே கணுக்களை எடுத்துக்கொண்டவர்களில் 100க்கு 80 பேர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்த பிரிவில் அது 67.5 ஆக இருந்தது. முடிவு 2015இல் வெளியானது. இதில் எந்த நிறுவனத்தின் மருந்தும் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நாட்டில் அது சின்னக் கேள்வியும் அல்ல.

ஆகவே உங்களை அழைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இந்த ஆய்வில் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?” என்பதுதான். தெளிவான ஆய்வாக இருந்தால் ஒரே வாக்கியத்தில் விடை வரும். ‘புது சிகிச்சை, நல்லா இருக்கும்’ என்ற விடை வந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். நல்லது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டால் ஆய்வுக்கே வேலை இல்லை. இரண்டில் எது மேல் என்று மருத்துவருக்கே உண்மையில் தெரியாத இடத்தில்தான் சிகிச்சை ஆய்வு நடத்துவது நியாயம். உங்கள் மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்த்து ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. ஆனால் ஆய்வைப் பொறுத்தவரை அதுவே நேர்மையான விடை.

இரண்டாம் படி: பதிவு எண்ணைச் சரிபாருங்கள்

இந்தியச் சிகிச்சை ஆய்வுப் பதிவேடு, அதாவது சி.டி.ஆர்.ஐ., 2007 ஜூலை மாதம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கீழ் புதுதில்லியில் இயங்குகிறது. 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவுசெய்த ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. முடிவு சாதகமாக வந்த பிறகு, முதலிலிருந்தே இதைத்தான் தேடினோம் என்று கேள்வியை மாற்றி எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

உங்களிடம் தரப்படும் தாளில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, ஆண்டு, மாதம், வரிசை எண் என்று நீளும் ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் பதிவு முழுவதும் இலவசமாகத் திறக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், வீட்டில் படிக்கிற பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம். முதன்மை ஆய்வாளரின் பெயர், எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, யார் சேரலாம், யார் சேரக் கூடாது, எதை முக்கிய முடிவாக அளக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் மருத்துவமனையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மறக்காமல் பாருங்கள்.

அதே பதிவில், இது முதுநிலை மாணவரின் ஆய்வேடா என்பதற்கும் ஒரு வரி உண்டு. மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் சிறிய ஆய்வுகள் பல, எம்.டி., எம்.எஸ். படிக்கும் மாணவர்கள் பட்டத்துக்காகச் செய்பவை. அதில் தவறொன்றும் இல்லை. பேராசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். ஆனால் மாணவர் மூன்று ஆண்டில் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார். அவர் போன பிறகு எனக்கு ஒரு தொந்தரவு வந்தால் யாரைப் பார்ப்பது என்று இப்போதே கேட்டு, அந்தப் பேராசிரியரின் பெயரையும் அறை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் இருப்பதாலேயே ஓர் ஆய்வு நல்லது என்று ஆகிவிடாது. ஆய்வை அலசி ஒப்புதல் தருவது நெறிமுறைக் குழுவின் வேலை. குறைந்தது ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத் தலைவர் கல்லூரிக்கு வெளியே இருந்து வந்தவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர், மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பொதுமனிதர் அங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் சார்பில்தான். குழுவின் தொலைபேசி எண் உங்கள் தாளில் இருக்கும். ஆய்வாளரிடம் கேட்கத் தயங்கும் எதையும் அவர்களிடம் நேரடியாகக் கேட்கலாம்.

மூன்றாம் படி: தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்

பங்கேற்பாளருக்கான தகவல் தாள் ஒன்று, ஒப்புதல் படிவம் ஒன்று என இரண்டு பகுதிகள் உங்கள் கைக்கு வரும். இரண்டும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. ‘புரியும்’ என்ற இடத்தில்தான் சிக்கல். சித்தியிடம் கொடுத்த தாள் தமிழில்தான் இருந்தது. ஆனால் அதில், ‘இது ஒரு தற்செயல்படுத்தப்பட்ட, இரட்டைக் குருடாக்கப்பட்ட ஆய்வாகும்’ என்று ஒரு வரி. சித்தி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, “கண்ணுக்கு ஏதாவது ஆயிடுமா?” என்று கேட்டார். யாரோ அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்து, இன்னொருவர் அதில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அந்த வரியின் பொருள், யாருக்கு எந்த மாத்திரை என்பது குலுக்கல் முறையில் முடிவாகும், அது உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது என்பதுதான். இப்படி எழுதியிருந்தால் யாருக்கும் கண் பயம் வந்திருக்காது.

உங்கள் தாளிலும் இத்தகைய வரி இருந்தால் வெட்கப்படாமல், பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாதது உங்கள் குறை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க, தாளை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். நோயாளி கைநாட்டு வைத்தால் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். சிறுவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதல் தருவதோடு, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் அதற்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன.

அவசரச் சிகிச்சை ஆய்வாக இல்லாதவரை, அன்றே அங்கேயே கையெழுத்திட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. “வீட்ல கலந்து பேசிட்டு அடுத்த தடவை வரும்போது சொல்றேன்” என்பதை எந்த ஆய்வுக் குழுவும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டில் தாளைப் படிக்கும்போது சில இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டும், எத்தனை மாதத்துக்கு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதையாவது நிறுத்தச் சொல்வார்களா, எடுத்த ரத்தத்தைச் சேமித்துவைத்துப் பிற்பாடு வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா. கடைசிக் கேள்விக்குப் படிவத்தில் பெரும்பாலும் தனியாக ஒரு கட்டம் இருக்கும். ஆய்வில் சேர்ந்துகொண்டே, அந்தக் கட்டத்தில் மட்டும் ‘வேண்டாம்’ என்று குறிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மறுத்தால் மருத்துவர் கோபித்துக்கொள்வார், அடுத்த முறை சரியாகப் பார்க்க மாட்டார் என்ற அச்சம்தான் நம் ஊரில் பல கையெழுத்துகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம். சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை எந்தக் குறையுமின்றித் தொடரும் என்று தகவல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வரியைத் தேடிப் பிடித்து விரலை வைத்துக்கொண்டே, அதைப் பற்றிக் கேளுங்கள். கையெழுத்திட்டால் தகவல் தாளும் கையெழுத்தான படிவத்தின் பிரதியும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். பிரதி இல்லாமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

நான்காம் படி: குலுக்கல் ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு மிகவும் உறுத்தும் இடம் இது. என் உடம்புக்கு எது சரி என்று படித்த மருத்துவர் முடிவு செய்யாமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதா என்று கோபம்கூட வரும். இதற்கு விடையாக 2020இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்வதுதான் எளிது.

கொரோனா பரவத் தொடங்கியதும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘ரெக்கவரி’ என்ற ஆய்வைத் தொடங்கியது. பேராசிரியர்கள் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் அதை வழிநடத்தினார்கள். 2020 மார்ச் 19 அன்று முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். அந்த நாட்களில் எல்லாரிடமும் ஏதோ ஒரு நம்பிக்கை மருந்து இருந்தது. மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரை அவற்றில் முதலிடத்தில் இருந்தது. இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்கள் தற்காப்புக்காக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஐ.சி.எம்.ஆர். அந்த மார்ச் மாதமே பரிந்துரைத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் 1,561 பேருக்குக் குலுக்கல் முறையில் அந்த மாத்திரையையும், 3,155 பேருக்கு வழக்கமான கவனிப்பை மட்டும் கொடுத்தது. 28 நாட்களில் மாத்திரை பெற்றவர்களில் 27 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பலன் எதுவும் இல்லை என்பது தெளிவாகிவிட்டதால், 2020 ஜூன் 5 அன்று அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு பிரிவு டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தது. 1950களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் உள்ள, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டீராய்டு மருந்து அது. நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில், மருந்து பெறாத பிரிவில் 100க்கு 41 பேர் இறந்தபோது, பெற்ற பிரிவில் 29 பேர் இறந்தார்கள். ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26 என்பது 23 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களிடமோ பலன் காணப்படவில்லை. மருந்து பெற்றவர்களில்தான் இறப்பு சற்றே கூடுதலாக இருந்தது. ஜூன் 16 அன்று முடிவை அறிவித்தார்கள். முதல் நோயாளி சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

குலுக்கல் இல்லாமல் ஒவ்வொரு மருத்துவரும் தமக்குச் சரி என்று தோன்றியவருக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிகவும் மோசமாக இருப்பவர்களுக்கே அதைக் கொடுத்திருப்பார்கள். அவர்களில் பலர் இறந்திருப்பார்கள். ஸ்டீராய்டு ஆளைக் கொல்கிறது என்ற முடிவுக்கு வந்திருப்போம். லேசான நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தால், எப்படியும் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பிழைத்துவிட்டு, மருந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். வயது, நோயின் தீவிரம், பண வசதி, மருத்துவரின் அனுதாபம் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துவிடுவது குலுக்கல்தான். அப்படிப் பிரித்த பிறகு தெரியும் வித்தியாசத்தைத்தான் மருந்தின் கணக்கில் எழுத முடியும்.

இதே கதையில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, ரெக்கவரி ஆய்வில் மருந்தில்லாப் போலி மாத்திரை கொடுக்கப்படவில்லை. ஒப்பீட்டுக்காக வைத்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை முழுமையாகக் கிடைத்தது. ஒரு நோய்க்கு நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுப்பதை நெறிமுறைக் குழுக்கள் பொதுவாக ஏற்பதில்லை. போலி மாத்திரை தருவதாகத் தாளில் இருந்தால், அது நான் இப்போது சாப்பிடும் மருந்துக்குப் பதிலாகவா அதற்கு மேலாகவா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கான விடையில் உங்கள் முடிவே மாறக்கூடும். இரண்டு, பிரிவுகள் சம அளவில் இருக்க வேண்டும் என்று இல்லை. டெக்ஸாமெத்தசோன் பிரிவில் 2,104 பேரும் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 4,321 பேரும் இருந்தார்கள். உங்களுக்குப் புதிய சிகிச்சை விழ எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்பது தாளில் இருக்கும். “எப்படியாவது என்னை அந்தப் பக்கம் போட்டுவிடுங்கள்” என்று கேட்பதால் பயன் இல்லை. சீட்டை எடுப்பது கணினி.

ஐந்தாம் படி: பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

ஆய்வுக்காகக் கொடுக்கும் மருந்துக்கும் ஆய்வுக்காகவே எடுக்கும் பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. வழக்கமான சிகிச்சைக்கான செலவு வேறு. அது முன்போலவே உங்களுடையதாகவோ அரசுக் காப்பீட்டின் பொறுப்பாகவோ இருக்கலாம். எது எந்தக் கணக்கில் வரும் என்று பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். வந்துபோகும் செலவும் இழக்கும் ஒரு நாள் கூலியும் தரப்படலாம். ஆசை காட்டிச் சேர்க்கும் அளவுக்குப் பெரிய தொகையாக அது இருக்கக் கூடாது என்பதால் நெறிமுறைக் குழு அந்தத் தொகையையும் பார்க்கும்.

உடலுக்குக் கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதைத்தான் கல்லூரி ஆய்வுகளில் கூடுதலாகக் குடைந்து கேட்க வேண்டும். நிறுவனம் நடத்தும் ஆய்வு என்றால் இலவச மருத்துவமும் இழப்பீடும் நிறுவனத்தின் பொறுப்பு. கல்லூரி ஆய்வில் அப்படியொரு நிறுவனம் பின்னால் இல்லை. ஆய்வை நடத்தும் ஆய்வாளரும் கல்லூரியுமே பொறுப்பேற்க வேண்டும், காப்பீடோ தனி நிதியோ அதற்காக வைத்திருக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் நெறிமுறைகள் சொல்கின்றன. தாளில் ‘தேவையான சிகிச்சை அளிக்கப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எங்கே, யார் செலவில், எவ்வளவு காலத்துக்கு, இழப்பீடு உண்டா, எதிலிருந்து என்று கேளுங்கள். சொந்தமாக உடல்நலக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கான செலவை அத்தகைய பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தகுதிப் பரிசோதனை

கையெழுத்திட்டதும் ஆய்வில் சேர்ந்துவிட்டதாக ஆகாது. வயது, சிறுநீரகத்தின் நிலை, வேறு நோய்கள், கர்ப்பம் எனப் பலவற்றைப் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். கழித்துவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அந்த வரம்புகளில் பல உங்கள் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டவை. சேர வேண்டும் என்ற ஆர்வத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சித்த மருந்தையோ நாட்டு மருந்தையோ மறைக்காதீர்கள்.

ஏழாம் படி: ஆய்வு நடக்கும் காலம்

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். மாத்திரை சாப்பிட்ட நேரம், விட்டுப்போன நாள், தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, அரிப்பு என்று எது வந்தாலும், சம்பந்தமில்லை என்று தோன்றினாலும், தேதியோடு எழுதுங்கள். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது ஆய்வுக் குழுவின் வேலை. மிச்சமான மாத்திரைகளையும் காலி அட்டைகளையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வார்கள். அங்கே ஒருவர் உட்கார்ந்து அவற்றை எண்ணுவார். இரண்டு நாள் விட்டுப்போனது என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், யாரும் திட்டப்போவதில்லை. கணக்கைச் சரிக்கட்ட இரண்டு மாத்திரையைச் சாக்கடையில் போடுவதுதான் கெடுதல். மருந்து வேலை செய்யவில்லையா, சாப்பிடவே இல்லையா என்று பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த எண்ணும் வேலைக்குச் சென்னையில் ஒரு பழைய மரபு உண்டு. 1956இல் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அது பல்கலைக்கழகம் அல்ல என்றாலும், அங்கே கேட்கப்பட்ட கேள்வி கல்லூரி ஆய்வுகள் கேட்கும் அதே வகையைச் சேர்ந்தது. காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்க வேண்டும், ஓய்வும் முட்டையும் பாலும் வேண்டும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அந்த மையம் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை நெரிசலான அவர்களுடைய சொந்த வீடுகளிலும் வைத்து, இரு பகுதியினருக்கும் அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் குணமானவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவும் இல்லை என்பது தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்ததில் தெரிந்தது. காசநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடலாம் என்று இன்று உலகம் முழுவதும் சொல்வதற்குப் பின்னால், அந்தச் சென்னைத் தெருக்களில் ஒன்றுவிடாமல் எண்ணிய மாத்திரைகளும் இருக்கின்றன.

ஆய்வில் இருப்பதைக் காட்டும் அட்டை ஒன்று தருவார்கள். தராவிட்டால் கேளுங்கள். ஊரில் வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், பல் பிடுங்கப் போனால்கூட, அந்த அட்டையை முதலில் நீட்டுங்கள். எங்காவது மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் அன்றே ஆய்வுக் குழுவுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மோசமான பாதிப்பு எது நேர்ந்தாலும், தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் அதை நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் வீட்டார் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

ஆய்வின் நடுவிலேயே கணக்கைப் பார்த்து, தேவைப்பட்டால் நிறுத்தச் சொல்லும் தனிக் கண்காணிப்புக் குழுவும் பெரிய ஆய்வுகளில் இருக்கும். மும்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வும் அப்படி ஒரு குழு சொன்னதால்தான், திட்டமிட்ட அளவை எட்டும் முன்பே நிறுத்தப்பட்டு முடிவு வெளியிடப்பட்டது. ‘ஆய்வை நிறுத்திவிட்டோம்’ என்று போன் வந்தால் பயந்துவிடாமல், நன்மை தெரிந்ததால் நிறுத்தினார்களா, தீமை தெரிந்ததாலா என்று கேளுங்கள்.

எட்டாம் படி: விலக வேண்டுமென்றால்

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். ஆனால் மருந்தைத் திடீரென்று நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு போன்றவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு முறை நேரில் போய், விலகுகிறேன் என்று சொல்லி, இனி எந்த மாத்திரையைத் தொடர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மருந்து மட்டும் வேண்டாம், போனில் உடல்நிலையைச் சொல்கிறேன் என்பது போன்ற பாதி விலகலும் உண்டு. ஆய்வுக்கு அதுவும் பெரிய உதவி. விலகியவர்களைப் பற்றி எதுவுமே தெரியாமல் போனால், நல்லபடியாக இருந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதாகிவிடும்.

கடைசியாக: முடிவைக் கேட்டு வாங்குங்கள்

இதைத்தான் நம்மில் பெரும்பாலோர் செய்வதில்லை. கடைசி முறை போய்வந்ததும் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம். எந்தப் பிரிவில் இருந்தோம், போலி மாத்திரையா உண்மை மாத்திரையா என்பது ஆய்வு முழுவதும் முடிந்து கணக்கைத் திறந்த பிறகுதான் தெரியும். சில நேரம் அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே கடைசி வருகையின்போது மூன்று விஷயங்களைக் கேட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்: முடிவு எப்போது வரும், எனக்கு யார் சொல்வார்கள், இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொண்டிருந்தால் ஆய்வுக்குப் பிறகும் அது கிடைக்குமா. போன் எண் மாறினால் தெரிவியுங்கள். அதே சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை பதிவேட்டில் பார்த்தால், ஆய்வு முடிந்துவிட்டதா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பது தெரியும்.

சித்தி கடைசியில் அந்த ஆய்வில் சேர்ந்தார், ஒரு வாரம் யோசித்துவிட்டு, தாளை என் மகளிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு. அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் பதிவு எண்ணும் பேராசிரியரின் அறை எண்ணும் நீல மையில் இருக்கின்றன. முடிவு இன்னும் வரவில்லை. போன மாதம் அவரே ஆய்வுக் குழுவுக்குப் போன் செய்து, “என் சீட்டு என்னாச்சும்மா?” என்று கேட்டிருக்கிறார்.